தம்பிக்குக் காமாலை இல்ல

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே முதல்ல சொல்லிடறேன், எங்க வீட்டுல யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லப்போறாங்க. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜாக்கெட் தைக்கிற கடை வெச்சிருக்கேன். காலையில துணியைக் குடுத்துட்டு சாயந்திரம் கல்யாணம்னு வந்து நிக்கிறவங்களை நான் வாங்குற வாங்குல, எங்க வீட்டுக்காரரு ஆட்டோவைக் கிளப்பிக்கினு போயிடுவாரு.

என் தம்பி எனக்கு நேர் எதிரு. ஆர்.கே.பேட்டை பக்கத்துல எங்க நைனா வீட்டுலதான் பொண்டாட்டியோட இருந்தான். பவர்லூம் ஓட்டிக்கினு இருந்தான். நாள்பூரா அந்தச் சத்தத்துல நின்னு நின்னு, பேசறதுன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டவன் மாதிரி இருப்பான். எது கேட்டாலும் ‘ஆங்’. அவ்வளவுதான். எங்கம்மா நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாங்க. நைனாதான் தறியும் ஓட்டி, சோறும் ஆக்கி, எனக்குத் தலையும் வாரிவிட்டு வளர்த்தாரு. தம்பிக்குக் காய்ச்சல்னா அன்னிக்கு நைனா தறிக்குப் போகமாட்டாரு. அந்தப் பாசத்தைப் பத்தித்தான் இப்ப எழுத உக்காந்திருக்கேன். நெனைச்சா வயிறு எரியுது.

முதல்ல அது வெறும் வயித்துவலிதான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தொப்புளைச் சுத்திப் பிசையும், உள்ள ஒரு உருண்டை எழும்பி நகர்ந்து போய், கடகடன்னு சத்தம் போட்டு அடங்கிடும். மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டான். ஓமத்தண்ணி குடிச்சான். சாயந்திரமானா உடம்பு காய்ஞ்சுது, தறிக் கொட்டாய் சூடுன்னு விட்டுட்டான். எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா, ரெண்டு பேண்ட்டைக் கொண்டாந்து இடுப்பு பிடிச்சுக் குடுன்னான். குடுத்தேன். அடுத்த மாசமும் அதே பேண்ட்டோட வந்து நின்னான். அளவு எடுக்கிறவளுக்கு ஆளைப் பார்த்தா தெரியாதா? இடுப்பெலும்பு துருத்திக்கினு இருந்துச்சு. கடையில ரெண்டு பொம்பளைங்க துணியோட உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடியே அவனைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டு, ஷட்டரை இறக்கி, கையைப் பிடிச்சு இழுத்துக்கினு டாக்டர்கிட்ட போனேன்.

ஒரு டாக்டர் அல்சர்னாரு. இன்னொருத்தரு வலது பக்கம் அழுத்திப் பார்த்து அப்பெண்டிக்ஸ், உடனே கிழிக்கணும்னாரு. நல்லவேளை, அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்த இடத்துல, குடல் சுவரு தடிச்சிருக்கு, பக்கத்துல நெறி கட்டியிருக்கு, சென்னைக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுல கட்டின்னு ஒண்ணுதான் எங்க காதுல விழுந்துச்சு. கட்டின்னா புத்துநோய்தான்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நைனா சாப்பிடறதை விட்டுட்டாரு.

சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில, பின்பக்கமா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கணும்னாங்க. தம்பி முடியவே முடியாதுன்னு சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கினான். “பொண்ணு பார்க்கவா வந்திருக்காங்க உன்னை, இப்படி வெக்கப்படற”ன்னு கேட்டேன். பக்கத்து பெட்டுக்காரங்ககூட சிரிச்சாங்க. அவனும் சிரிச்சிட்டான். முந்தின நாள் அந்தப் பேதி மருந்தைக் குடிச்சிட்டு அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கல. குழாய் வழியாவே துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட்டு வர வரைக்கும் எங்க யாருக்கும் ஒரு வாய் தண்ணிகூட ஒழுங்கா இறங்கல.

டாக்டர் சின்ன வயசுக்காரரு, பொறுமையா பேசினாரு. புத்துநோய் இல்ல, குடல்ல டிபின்னாரு. சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல புண்ணாகி, வழி சுருங்கிக்கினு இருக்கு, அதான் சாப்பிட்டா வலிக்குதுன்னாரு. இருமலே இல்லையே சார்னு நான் சண்டைக்குப் போற மாதிரி கேட்டேன். நுரையீரல்ல மட்டும்தான் வரும்னு இல்லம்மா, குடல், வயித்துக்குள்ள இருக்கிற சவ்வு, நெறி, எங்க வேணும்னாலும் வரும்னாரு. மாத்திரையிலயே சரியாயிடும், முக்காவாசி பேருக்கு ஆபரேஷன் தேவைப்படாதுன்னாரு. கடைசியா ஒண்ணு சொன்னாரு. உடம்பு தேறிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினீங்கன்னா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு.

நாங்க அன்னிக்குச் சந்தோஷப்பட்டோம். டிபின்னு கேட்டு சந்தோஷப்பட்ட குடும்பம் உலகத்துலயே எங்க குடும்பமாத்தான் இருக்கும். நைனா மறுநாளே மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு, தலையில சந்தனத்தோட என் கடைக்கு வந்து, பக்கத்துக் கடையில இட்லி வாங்கிவரச் சொல்லி உக்காந்து சாப்பிட்டாரு. அவரு சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துடுச்சு.

மாத்திரை ஊர்லயே ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்தாங்க. காலையில வெறும் வயித்துல போடணும். அதைச் சொல்லிக்குடுக்க அங்க வேலை பார்க்கிற ஒரு அம்மா ஸ்கூட்டர்ல வீட்டுக்கு வந்தாங்க. அன்னிக்கு நானும் போயிருந்தேன். நைனாவுக்கு ஒரே கவலைதான், தெருவுல யாருக்கும் தெரியக்கூடாது. டிபின்னு தெரிஞ்சா நம்ம வீட்டுல யாரு தண்ணி குடிப்பாங்கன்னு புலம்பிக்கினே இருந்தாரு. அதனால அந்தம்மா உள்ள உக்காந்து பேசறப்ப, நைனா வாசப்படியில நின்னு யாராச்சும் வராங்களான்னு தெருவைக் காவல் காத்துக்கினு இருந்தாரு. எதிர்வீட்டுக்காரி கேட்டதுக்கு, மாப்பிள்ளை வீட்டு சொந்தம்னு சொல்லி அனுப்பினாரு.

உள்ள அந்தம்மா தம்பிகிட்டயும் அவன் பொண்டாட்டிகிட்டயும் சொன்னது இதுதான்: ஒண்ணுக்கு செவப்பா, ஆரஞ்சு மாதிரி போவும். அது மாத்திரையோட நிறம், பயந்துடாதீங்க. கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி விடாம வந்தாலோ உடனே எங்ககிட்ட சொல்லுங்க, மருந்தை மாத்தித் தருவோம், நீங்களா நிறுத்தாதீங்க. எல்லாம் தெளிவா சொன்னாங்க. கேக்க வேண்டிய மனுஷன் வாசல்ல நின்னாரு.

ஆரம்பத்துல நல்லாத்தான் போச்சு. சாயந்திரக் காய்ச்சல் நின்னுச்சு. ரெண்டு தோசை கேட்டு சாப்பிட்டான். நான் பிடிச்சுக் குடுத்த பேண்ட் இடுப்பை நானே பிரிச்சு விட்டேன். அந்தத் தையலைப் பிரிச்ச மாதிரி சந்தோஷமா நான் எந்தத் துணியையும் தைச்சதே இல்ல.

அப்புறம் காலையில மாத்திரை போட்டதும் குமட்டல் வர ஆரம்பிச்சுச்சு. போவப் போவ சரியாயிடும்னு இருந்திருக்கான். ஒருநாள் அவன் பாத்ரூம் போயிட்டுத் தண்ணி சரியா ஊத்தாம வந்திருக்கான். அடுத்து போன நைனா தரையில அந்த நிறத்தைப் பார்த்துட்டாரு. குமட்டல், சோறு பிடிக்கல, ஒண்ணுக்கு செவப்பு. எங்க பக்கத்துல இது மூணும் சேர்ந்தா குழந்தைகூட சொல்லும், மஞ்சக்காமாலைன்னு. எங்க பக்கத்துல காமாலைக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போறதும் இல்ல. பள்ளிப்பட்டு போய், அங்கருந்து ஆந்திராவுக்குள்ள ஒரு ஊர்ல தழையை அரைச்சு ஆட்டுப்பால்ல கலக்கிக் குடுப்பாங்க. நைனாவுக்கே சின்ன வயசுல காமாலை வந்து அங்கதான் சரியாச்சு. நான் பொறந்ததே அந்த மருந்தாலன்னு சொல்லுவாரு.

தம்பி பொண்டாட்டி சொல்லியிருக்கா, மாமா, அது மாத்திரை நிறம்னு அந்தக்கா சொன்னாங்களேன்னு. அவங்க மருந்தை அவங்க விட்டுக்குடுப்பாங்களான்னு நைனா அவ வாயை அடக்கிட்டாரு. தம்பி ‘ஆங்’னுட்டு அவரு பின்னாடி கிளம்பியிருக்கான். எனக்கு மட்டும் யாரும் சொல்லல. சொன்னா நான் ஊரைக் கூட்டுவேனாம். கூட்டித்தான் இருப்பேன். பஸ்ஸுக்கு முன்னாடி படுத்திருப்பேன்.

அந்த ஊர்ல மருந்து குடுத்துட்டு பத்தியம் சொல்லியிருக்காங்க. உப்பு இல்ல, எண்ணெய் இல்ல, புளி இல்ல. ஒரு மண்டலம் முடியற வரைக்கும் இங்கிலீஷ் மாத்திரை ஒண்ணுகூடத் தொடக்கூடாது.

மாத்திரையை நிறுத்தின கொஞ்ச நாள்லயே ஒண்ணுக்கு தெளிவா போச்சு. குமட்டலும் நின்னுச்சு. போகாம என்ன பண்ணும்? நிறம் குடுத்ததே மாத்திரை, குமட்ட வெச்சதும் மாத்திரை. ஆனா நைனாவுக்கு அது தழை மருந்து பண்ணின வேலை. கண்ணால பார்த்துட்டாரு, இனிமே யாரு சொன்னா நம்புவாரு? மண்டலம் முடிஞ்ச பின்னாடியும் மாத்திரையைத் தொடவிடல. அந்த விஷம்தான் ஈரலைக் கெடுத்துச்சு, இப்பதான் பிள்ளை தேறியிருக்கான்னுட்டாரு. ஸ்கூட்டர்கார அம்மா தேடி வந்தப்ப, மாமியார் ஊர்ல இருக்கான், அங்கயே மாத்திரை வாங்கிக்கிறான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுலயும் நைனாவுக்கு ஒரு நிம்மதி. தெருவுல இப்ப தைரியமா சொல்லிக்கலாம், பிள்ளைக்குக் காமாலை, குணமாயிடுச்சுன்னு. காமாலைன்னு சொன்னா யாரும் சொம்பை மறைக்கமாட்டாங்க.

ஆடிக் கிருத்திகைக்குத் தம்பி வந்திருந்தான். காவடிக் கூட்டத்துல பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க, வெயில்ல நடந்து வந்திருந்தான். மூஞ்சி சுருங்கிக் கிடந்துச்சு. நடந்த களைப்புன்னு நெனைச்சேன். மாத்திரை ஒழுங்கா போடறியாடான்னு கேட்டேன். “ஆங்”னான். கடை நிறைய ஜனம், நானும் திரும்பி மிஷின்ல உக்காந்துட்டேன்.

அடுத்த மாசம் ஒரு மத்தியானம் அவன் பொண்டாட்டி போன் பண்ணினா. பச்சையா வாந்தி எடுக்கிறாரு, வயிறு உப்பிக்கினு கல்லு மாதிரி இருக்கு, காத்துகூடப் பிரியலன்னு அழுதா. எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுல போய்க் கூட்டிக்கினு வந்தாரு. திருத்தணியில பார்த்ததும் ஆம்புலன்ஸ் வெச்சு சென்னைக்கு அனுப்பிட்டாங்க. வழி முழுக்க தம்பி என் கையைப் பிடிச்சிருந்தான். அந்தக் கையில சதையே இல்ல.

அதே சின்ன வயசு டாக்டர்தான். எப்ப மாத்திரையை நிறுத்தினீங்கன்னு கேட்டாரு, நிறுத்தினீங்களான்னு கேக்கல. நான் நிறுத்தவே இல்லன்னு சத்தம் போட்டேன். பக்கத்துல நின்ன தம்பி பொண்டாட்டி தலையைக் குனிஞ்சுக்கினு எல்லாத்தையும் சொன்னா. பாத்ரூம், பள்ளிப்பட்டு, தழை, பத்தியம், ஒண்ணு விடாம. டாக்டர் கண்ணை மூடிக்கினு நெத்தியைத் தேய்ச்சாரு. எங்களைத் திட்டியிருந்தாகூட நல்லாருந்திருக்கும்.

வயித்தைத் திறந்து பார்த்துட்டு வந்து சொன்னாரு. குடலெல்லாம் ஊறின அவல் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கு, சுருங்கின இடத்துக்கு மேல ஓட்டை விழுந்து உள்ள சீழ் பரவியிருக்கு. கெட்டுப்போன துண்டை எடுத்துட்டு, குடல் முனையை வயித்துக்கு வெளிய வெச்சு பை மாட்டியிருக்கோம். திரும்பவும் மருந்து ஆரம்பிக்கிறோம். ஆனா உடம்புல சத்தே இல்லம்மா, தாங்கணும். தாங்கணும்னு சொன்னப்ப அவரு என்னைப் பார்க்கல.

நைனா மலைக்கோயில்ல வேண்டுதல் அது இதுன்னு மறுநாள்தான் வந்து சேர்ந்தாரு. எல்லாருக்கும் முன்னாடி அவரை நிக்க வெச்சுக் கேக்கணும்னு நான் கொதிச்சுக்கினு இருந்தேன். அது தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுதோ, நைனா கீழே வார்டுக்குள்ள வர டோக்கன் வாங்கற நேரத்துல என்னைக் கிட்ட கூப்பிட்டான்.

“அக்கா, நைனாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத.”

“ஏன்டா? உனக்குத் தெரியும்ல? அந்தம்மா சொன்னாங்கல்ல?”

“தெரியும். நிறுத்தினதும் குமட்டல் நின்னுச்சிக்கா. அதுவே போதும்னு இருந்துச்சி.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “அவருக்கு நம்மளைத் தவிர யாரு இருக்காங்க? சொல்லமாட்டேன்னு சொல்லு.”

அவன் வாழ்க்கையில சேர்ந்தாப்புல இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. சொல்லமாட்டேன்டான்னு சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து, தலையில அடிச்சுக்கினு அழுதேன்.

நைனா டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாரு. “காமாலை முழுசா போயிடுச்சா சார்?” டாக்டருக்கு நூறு வேலை. எந்தக் காமாலை, அதெல்லாம் ஒண்ணும் இல்லையேன்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. நைனா என்கிட்ட திரும்பி, பார்த்தியா, சுத்தமா இல்லன்னுட்டாருன்னாரு. அந்த ஒரு விஷயத்துலயாவது பிள்ளையைக் காப்பாத்திட்டோம்னு அவரு மூஞ்சியில ஒரு தெளிச்சி. நான் தண்ணி பாட்டிலை எடுத்துக்கினு அங்கருந்து போயிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்றவங்க அன்னிக்கு என்னைப் பார்த்திருக்கணும்.

தம்பி தாங்கல. சாப்பிட்டது எதுவும் உடம்புல ஒட்டாம அந்தப் பை வழியாவே வெளிய வந்துச்சு. புண்ணு ஆறல. மறுபடியும் சீழ் பிடிச்சுச்சு. அவன் பொண்டாட்டி பையை மாத்தும்போது மூஞ்சியைத் திருப்பிக்குவான், அப்பகூட அவனுக்கு வெக்கம். பக்கத்துல உக்காந்து எத்தனையோ கிண்டல் பண்ணிப் பார்த்தேன். சிரிக்கல. ஒரு விடியக்காலையில போயிட்டான். நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

காரியத்தன்னிக்கு நைனா வீட்டு வாசல்ல ஷாமியானா போட்டிருந்தாங்க. வந்தவங்ககிட்ட எல்லாம் நைனா அதையே சொல்லிக்கினு இருந்தாரு. காமாலையை நான் விரட்டிட்டேம்பா, குடல்தான் ஏமாத்திடுச்சு. ஜனங்களும் தலையாட்டினாங்க. நான் பந்தி பரிமாறிக்கினு, கேட்டும் கேக்காத மாதிரி இருந்தேன். தம்பிக்குக் குடுத்த வாக்கு எனக்குள்ள முள்ளு மாதிரி குத்திக்கினு இருந்துச்சு, ஆனாலும் காப்பாத்தினேன்.

சாப்பாடு முடிஞ்சு கூட்டம் கலையற நேரத்துல, தறி ஓட்டற இன்னொருத்தரோட சம்சாரம் நைனாகிட்ட வந்து உக்காந்தாங்க. நாலு தெரு தள்ளி இருக்கிறவங்க. துக்கம் விசாரிச்சிட்டு, குரலை இறக்கி ஆரம்பிச்சாங்க. அவங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துல நெறி கட்டி, அரசாங்க மாத்திரை குடுத்திருக்காங்களாம். நாலு நாளா ஒண்ணுக்கு செவப்பா போவுதாம், சோறு பார்த்தா குமட்டுதாம். பெரியவரே, உங்க பிள்ளைக்கு மருந்து வாங்கின எடம் எதுன்னு கேட்டாங்க.

என் கையில சாம்பார் வாளி இருந்துச்சு. கீழே வெச்சிட்டேன்.

“அங்க போவாதீங்க”ன்னேன். “உங்க வூட்டுக்காரருக்குக் காமாலை இல்ல, அது மாத்திரை நிறம். குமட்டலுக்கு அந்த ஸ்கூட்டர்கார அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க பார்த்துக்குவாங்க. என் தம்பிக்கும் காமாலை இல்ல. மாத்திரையை நிறுத்தினதாலதான் குடல் ஓட்டையாகி செத்தான். டாக்டரே சொன்னாரு.”

தம்பி பொண்டாட்டி முந்தானையை வாயில அடைச்சுக்கினா. நாற்காலி அடுக்கிக்கினு இருந்தவங்க அப்படியே நின்னாங்க. நைனா என்னைப் பார்த்தாரு. பொறந்ததுலருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்ல. நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சுடுச்சு, சத்தியமா புரிஞ்சுடுச்சு. அவரு வாயிலருந்து ஒரு வார்த்தை வந்தா போதும், அந்தப் பொம்பளை எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க. ஆனா ஆமாம்மா, போவாதீங்கன்னு சொன்னா, பெத்த பிள்ளையைத் தானே கொன்னேன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதை அவரு எப்படிச் சொல்லுவாரு?

கேக்க வந்த அந்தம்மா என் கையைத் தொட்டு, கூடப்பொறந்தவனைப் பறிகுடுத்தவ, உன் துக்கம் எனக்குப் புரியுதும்மான்னாங்க. அப்புறம் நைனா பக்கம் திரும்பிக்கினாங்க.

நைனா தோள் துண்டால கண்ணைத் துடைச்சுக்கினாரு. என் பக்கம் பார்க்கவே இல்ல.

“பள்ளிப்பட்டுல எறங்கிக்கோம்மா”ன்னாரு. “ஸ்டாண்டுலயே ஆந்திரா பஸ் நிக்கும், காமாலை மருந்துன்னு சொன்னா கண்டக்டரே எறக்கி வுட்ருவாரு. வெறும் வயித்தோட கூட்டிக்கினு போ. அந்த மாத்திரையை மட்டும் இன்னிலருந்தே நிறுத்திடு.”